ஓரிரு இடங்களில்

ஓரிரு இடம் என்கிற ஊர் எங்கள் வீட்டுப் புறவாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில், பிள்ளையின் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு நான் உள்ளே வந்து கஞ்சிப் பானையைத் திறந்த நேரத்தில்.

அதற்கு முன்னால் அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று உவர்மேட்டில் யாருக்கும் தெரியாது. உவர்மேடு என்பது கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அளத்துக்காரர்கள் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். நாலு பக்கமும் உப்புப் பாத்திகள், எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தால் உண்டு. மழை எங்களுக்கு வேண்டாத விருந்தாளி. விளைந்து கிடக்கிற உப்பின் மேல் ஒரு பெரிய தூறல் விழுந்தால் போதும், பாத்தி கரைந்து பழையபடி தண்ணீராகும், அத்தனை நாள் வெயிலும் வீணாகும், மறுபடி விளைகிற வரைக்கும் வேலை கிடையாது. அதனால் எங்கள் ஊரில் சாமி கும்பிடாதவர்கள் உண்டு, ரேடியோவில் வானிலை கேட்காதவர்கள் கிடையாது. காலைச் செய்தி முடிந்ததும் அந்த அம்மாள் அலுங்காத குரலில் சொல்வாள், தென் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும் என்று. எங்கள் ஊரில் பெய்யாது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யாது, கரிசல்காட்டில் பெய்யாது, பஸ்ஸில் வருகிறவர்களைக் கேட்டால் அவர்கள் ஊரிலும் பெய்திருக்காது. மறுநாளும் அந்த அம்மாள் அதே ஓரிரு இடத்தில்தான் மழை என்பாள். அப்படியென்றால் அது நம் மாவட்டத்தில் எங்கேயோ மரமும் குளமுமாக இருக்கிற ஒரு ஊர் என்றும், 'இடங்களில்' என்று சொல்லுகிறபடியால் மேல ஓரிரு, கீழ ஓரிரு என்று இரண்டாக இருக்கும் என்றும் எங்கள் ஆட்கள் முடிவு பண்ணியிருந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் சுயம்பு, லாரித் தண்ணீருக்கு நான் குடத்தோடு நிற்பதைப் பார்த்து, "ஓரிருல பொண்ணு எடுத்திருக்கணும், மாமனார் வீட்டுல இருந்து தண்ணியாவது வந்திருக்கும்" என்று சொல்லுவார். நானும் சிரிப்பேன். ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான், ஆனாலும் எனக்கும் அது ஊர்ப் பேராகத்தான் தோன்றியது.

அந்த மத்தியானம் சடசடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேலியில் வெயில், கக்கூஸ் சுவரில் வெயில், கொடி கட்டியிருக்கிற இரண்டு கம்புகளுக்கும் நடுவில் மட்டும் மழை. கல்யாண வீட்டில் விரிக்கிற பெரிய ஜமுக்காளத்தின் அளவு இடம். ஜமுக்காளத்துக்கு இருப்பது போல அதற்கு ஓரம் இருந்தது. கையை நீட்டினேன். முழங்கை வரைக்கும் நனைந்தது, அதற்கு மேலே வெயில் சுட்டது. நக்கிப் பார்த்தேன், நல்ல தண்ணீர். துணியை எடுப்போமா என்று கொஞ்ச நேரம் நின்றேன், இனி எடுத்தென்ன, நனைந்துதான் போயிற்றே என்று உள்ளே போய்க் கஞ்சியை வடித்தேன்.

பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி மதினிதான் வேலிக்கு மேலே முதலில் தலையை நீட்டினாள். மதினிக்கு எதையும் பார்த்து அதிசயப்படுகிற பழக்கம் கிடையாது. மழையைப் பார்த்தாள், மேலே வானத்தைப் பார்த்தாள், மறுபடி மழையைப் பார்த்தாள்.

"இதுதானாட்டி ஓரிரு எடம். நான் பெருசா நெனைச்சிட்டுல்லா இருந்தேன்."

சொல்லிவிட்டு இரண்டு குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று முதல், காலையில் ரேடியோவில் ஓரிரு இடங்களில் என்று சொல்லுகிற நாளெல்லாம் மத்தியானத்தில் எங்கள் புறவாசலில் மழை பெய்தது. வறண்ட வானிலை என்று சொன்னால் பெய்யாது. லேசான மழை என்றால் லேசாகப் பெய்யும், மிதமான மழை என்றால் குடம் சீக்கிரம் நிறையும், இடியுடன் கூடிய என்று சொல்லிவிட்டால் கக்கூஸ் உயரத்தில் ஒரு சின்ன இடி இடிக்கும், பிள்ளை தூக்கத்தில் உதடு பிதுக்கும். இதெல்லாம் எப்படி என்று முதலில் சிலர் கேட்டார்கள். கொஞ்ச நாளில் குடம் வரிசையில் யாருக்கு முன்னால் யார் என்கிற பேச்சு பெரிதாகி, எப்படி என்கிற பேச்சு அடங்கிப் போனது. நல்ல தண்ணீர் வீட்டு வாசலில் வந்து விழும்போது அது எந்த வழியாக வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க எங்கள் ஊரில் யாருக்கும் நேரம் இல்லை.

அளத்து வேலைக்கு விடியுமுன்னே போனால் வெயில் ஏறுமுன்னே திரும்பிவிட வேண்டும். மத்தியானத்தில் பாத்திகளின் பக்கம் காக்கைகூடப் போகாது, கண் கூசும். அதனால் மழை வருகிற நேரத்தில் ஊர் முழுக்க வீட்டில்தான் இருந்தது, வீட்டில் இருந்தவர்களெல்லாம் என் புறவாசலில் இருந்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்து வேர்க்கும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்குக் கதவைச் சாத்தினால், "ஓரிரு வீட்டுக்காரிக்குக் கிராக்கி கூடிப் போச்சு" என்று வெளியிலிருந்து கேட்கும். பட்டுக்கனி என்கிற என் பெயர் அந்தச் சித்திரையிலேயே போய்விட்டது. வாடகை சைக்கிள்காரன், பால்காரன் எல்லாருக்கும் நான் ஓரிரு வீட்டுக்காரி, தவழுகிற என் மகளும் சின்ன ஓரிரு. உவர்மேட்டு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துகிற கண்டக்டர், ஓரிரு இறங்கு, ஓரிரு இறங்கு என்று கூவப் பழகிக்கொண்டார். வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்த பெண்கள் பிள்ளை பெற வந்தபோது, மழையில் நனைந்தால் பால் ஊறும் என்று யாரோ சொல்லி, முக்காடு போட்டுக்கொண்டு வந்து ஜமுக்காளத்து ஓரமாக உட்கார்ந்தார்கள். ஒரு கல்யாண ஜோடியைக் கூட்டி வந்து போட்டோ எடுத்தார்கள். பெண்ணை மழைக்குள்ளும் மாப்பிள்ளையை வெயிலுக்குள்ளும் நிறுத்தினார்கள், அப்படியே கை கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் ஜீப்பில் வந்து, தகர டப்பா ஒன்றை வைத்து, விழுந்த தண்ணீரைக் குச்சியால் அளந்து பார்த்தார். சொன்னது சொன்னபடி பெய்கிற இடம் ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம். குடித்துவிட்டு, போகிற போக்கில் என் பிள்ளையின் தலையில் கை வைத்தார்.

எனக்கு இருந்த கஷ்டம் ஒன்றுதான், துணி காயவில்லை. கொடியை வேறு இடத்துக்கு மாற்ற இடமில்லை, முன்பக்கம் ரோடு. பிள்ளையின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன், அவளுக்கு எப்போதும் புகை வாசனை அடித்தது.

கரிசல்காட்டு ஆட்கள் ஆனி மாதம் வந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைக்கிறவர்கள். எத்திராஜ் என்ற பெரியவர் முன்னால் நின்றார், பின்னால் நாலைந்து பேர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆண்கள் கூடினார்கள். அவர்கள் சண்டை போடவில்லை. மழை முடிகிறவரைக்கும் ஓரத்தில் உட்கார்ந்து, ஊமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு எத்திராஜ் கதவுப் பக்கம் திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்கிற மாதிரி, "தாயி, ரேடியோக்காரங்க உங்க வீட்டுக்கு வருவாங்களா" என்று கேட்டார். வந்தால், ஓரிரு என்று சொல்லுவதை மாற்றி, சில இடங்களில் என்று ஒரு தடவை சொல்லச் சொல்ல முடியுமா, சிலவுக்குள்ளே எங்கள் ஊர் வந்துவிடும் என்றார். ஒரு செம்புத் தண்ணீரைக் கதவிடுக்கில் நீட்டினேன். அதை அவர் குடிக்காமல் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போனார், காட்டில் ஊற்றினாராம்.

இப்படி ஊர் முழுக்க ஓரிருவால் நல்லா இருக்கும்போது என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்த வருஷம் சரியில்லாமல் போனது. அளத்தின் தென்கோடியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பாத்தி உண்டு, அதை அந்த வருஷம் இவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். எல்லாருடைய பாத்தியிலும் உப்பு விளைந்தது, வாரி வாரிக் கரையில் அம்பாரம் போட்டார்கள், அந்தப் பாத்தி மட்டும் விளையவே இல்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் முந்தின நாள் இருந்ததைவிடத் தண்ணீர் கூடியிருக்கும், கரிப்பை அளக்கிற டிகிரி இறங்கியிருக்கும். இவரும் வரப்பை மண் போட்டு மெத்தினார், மிதித்தார், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தவசிமுத்து அண்ணாச்சி கெட்ட மனுசர் இல்லை, மேலே பதில் சொல்ல வேண்டியவர். அதற்கு மலட்டுப் பாத்தி என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு நாள் அதில் ஒரு தவளை உட்கார்ந்திருந்ததாம். உப்பளத்தில் தவளையை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. கணக்கப்பிள்ளை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, "ஏலே சுயம்பு, எல்லாரும் உப்பு வெளைய வச்சா நீ தவக்கா வெளைய வச்சிருக்கியே" என்று சொல்ல, அளமே சிரித்திருக்கிறது. இவரும் கூடச் சிரித்துவிட்டு வந்து, என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஆவணியில் கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பாத்தியிலிருந்து ஒரே ஒரு அம்பாரமாவது கரைக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் தையில் வேலை தொடங்கும்போது வேறு ஆள் வைப்பார்கள், வீடும் அந்த ஆளுக்குத்தான் போகும். அளத்து வீடு அளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தானே. வீட்டோடு புறவாசலும் போகும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், குடத்தோடு நின்றவர்களுக்கும் தெரியும். அடுத்து வருகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாளோ, குடம் வைக்க விடுவாளோ மாட்டாளோ என்று மதினிதான் கவலைப்பட்டாள்.

அதே ஆவணியில்தான் எத்திராஜின் ஆசை ஒரு நாள் பலித்தது. ரேடியோ அம்மாள், ஓரிரு என்று சொல்லாமல், சில இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றாள். மத்தியானம் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் தூறியது, கோயில் பக்கம் தூறியது, கரிசல்காட்டில் நல்ல மழையாம்; எங்கள் புறவாசலில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. முந்தின நாள் குடத்துக்காக இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள், அந்தக் கோபத்தில்தான் ஓரிரு பெய்யவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரிரு வேறு, சில வேறு. ஓரிருவில் சேர்ந்த இடம் சிலவில் எப்படிச் சேரும் என்று தோன்றியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் வாயைத் திறக்க வேண்டும், அதனால் சொல்லவில்லை.

புரட்டாசி முழுக்க ரேடியோவில் வறண்ட வானிலை. ஜமுக்காளத்து இடம் காய்ந்து வெடித்தது, குடங்கள் திரும்ப லாரிக்குப் போயின. நான் ஏதோ மழையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்ட மாதிரி சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பிள்ளையின் துணி கொடியில் காய்ந்தது. ஒரு நாள் காலை அளத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்து, வெளியில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெல்லச் சொன்னார்.

"பட்டு, மலட்டுப் பாத்தி பூத்திருக்கு."

பாத்தித் தண்ணீரின் மேலே உப்பு முதல் முதலில் ஆடை மாதிரிப் படர்வதை எங்கள் பக்கம் பூக்கிறது என்போம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதைப் பற்றித்தான் பேச்சு. அடியில் மணி கட்டியிருக்கிறது, காலில் குத்துகிறது, இன்னும் நாலு வெயில் வேண்டும், இன்னும் இரண்டு வெயில் போதும் என்று சொல்லுவார். பிள்ளைக்குப் பல் முளைத்ததைக்கூட அவ்வளவு தடவை சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்த ஒரு நாள், வழக்கம்போல விடியுமுன்னே வாருபலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். இன்றைக்கு வாரிக் கரையேற்றிவிடுவேன், மழை வந்தாலும் ஓலை போட்டு மூடிவிட்டுத்தான் வருவேன் என்றார். அவர் போன பிறகுதான் ரேடியோ சொன்னது. தென் கடலோர மாவட்டங்களில் பெரும்பாலான இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும் என்று, அதே அலுங்காத குரலில், உலை கொதிக்கிறது என்று சொல்லுகிற மாதிரி சொன்னது.

சொல்லி முடிக்குமுன்னே பெய்தது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பகல் மங்கிச் சாயங்காலம் மாதிரி ஆனது. கடல் எது, பாத்தி எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். அளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கரையைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். காற்று எங்கள் வீட்டு ஓட்டில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது, தண்ணீர் முன்வாசல் வழியாக உள்ளே வந்து அடுப்புக்குள் ஏறியது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்றேன். கட்டில் ஆடியது. அப்போது புறவாசலைப் பார்த்தேன். கொடியில் காலையில் போட்ட பிள்ளையின் சட்டை காய்ந்து, காற்றுக்குக்கூட அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து போய், ஜமுக்காளத்து இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே மழை இல்லை. ஊரில் புகுந்த தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்து, செருப்பை வெளியே விடுகிற விருந்தாளியைப் போல அங்கேயே நின்றுகொண்டது. மதினி அவள் வீட்டு நடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, "ஏட்டி கிறுக்கி, மழைக்குப் பயந்து மழைக்குள்ளயா போயி ஒக்காருவா" என்று கத்தினாள். நான் பிள்ளையின் தலையைத் தொட்டு, கையை அவளுக்குத் தூக்கிக் காட்டினேன். மதினி என் கையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். அவள்தான் அதிசயப்பட மாட்டாளே, உள்ளே போய்த் தன் மகனைத் தூக்கி வேலிக்கு மேலே என்னிடம் கொடுத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையாக வந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள், நடக்க முடியாதவர்களைத் தூக்கி வந்தார்கள், இரண்டு ஆட்டுக்குட்டியும் வந்தன. ஒருவர் மடியில் ஒருவராக அத்தனை பேரும் அந்த ஜமுக்காளத்துக்குள் இருந்தோம். இடம் இல்லாத ஆண்கள் ஓரத்தைச் சுற்றித் தண்ணீரில் நின்றுகொண்டு, அவ்வப்போது உள்ளே கையை நீட்டிக் காயவைத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் வரவில்லை.

கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றார். வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், ஒரு ஆள் குறைகிறது. அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகையில் ஒதுங்கியிருப்பான், அங்கே போய்ப் பாருங்கள் என்று கடற்கரையிலிருந்து வள்ளத்தோடு வந்திருந்தவர்களிடம் சொன்னார். கொட்டகை சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார். அப்படியென்றால் ரோட்டுப் பக்கம் தேடலாம் என்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதினி என் முதுகில் கையை வைத்தாள், அந்தக் கை அவ்வளவு நேரமும் இல்லாத மாதிரி கனமாக இருந்தது.

என் மடியில் என் பிள்ளையும் இன்னொருத்தி பிள்ளையும் இருந்தார்கள். அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். கழுத்து வேர்த்தது. உப்பளத்தில் தவளை என்று எல்லாரும் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல தண்ணீர் இல்லாமல் தவளைக்கு அங்கே என்ன வேலை. ஒவ்வொரு நாளும் யாரும் பார்க்காத மத்தியானத்தில் அந்தப் பாத்திக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது, வறண்ட வானிலை என்று சொன்ன மாதத்தில் மட்டும் அது எப்படிப் பூத்தது.

"அண்ணாச்சி, மலட்டுப் பாத்தியில போயிப் பாருங்க."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது. கணக்கப்பிள்ளை திரும்பினார். அந்தப் பாத்திதான் எல்லாவற்றிலும் தாழ்வு, முதலில் முழுகினது அதுவாகத்தான் இருக்கும் என்று, பச்சைப் பிள்ளைக்காரியிடம் பேசுகிற பதமான குரலில் சொன்னார்.

"முழுகாது. ஓரிருன்னா ஒண்ணு இல்ல அண்ணாச்சி, ரெண்டு. இது மேல ஓரிரு. அது கீழ ஓரிரு."

கணக்கப்பிள்ளை குனிந்து தன் கால்களைப் பார்த்தார், ஒரு கால் தண்ணீருக்குள்ளே இருந்தது, ஒரு கால் காய்ந்த மண்ணில் இருந்தது. பிறகு வள்ளத்துக்காரர்களைப் பார்த்து, "தெக்க விடுங்கலே" என்றார், அவரும் ஏறிக்கொண்டார்.

நான் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். வேறு என்ன செய்ய. பசித்து அழுத பிள்ளைகளுக்குப் பால் இருக்கிற தாய்மார் எல்லாரும், யார் பிள்ளை என்று பார்க்காமல் கொடுத்தோம். வள்ளம் திரும்பி வந்தபோது மழை கொஞ்சம் வெறித்திருந்தது. நடுவில் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் தலை முதல் கால் வரைக்கும் நனைந்து, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அங்கே நடந்ததைக் கணக்கப்பிள்ளைதான் சொன்னார். நாலு பக்கமும் கடல் மாதிரித் தண்ணீராம், அத்தனை பேருடைய அம்பாரமும் கரைந்து போய்விட்டதாம், நடுவில் ஒரே ஒரு பாத்தி காய்ந்து கிடக்க, வாரின உப்பைக் குவித்து வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இவர் பீடி குடித்துக்கொண்டிருந்தாராம். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று, "தார்ப்பாய் கொண்டாந்தியளா அண்ணாச்சி, மழை வந்துட்டா உப்பு போயிருமே" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது கணக்கப்பிள்ளை சிரித்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் மழைத் தண்ணீரும் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஓரத்துக்கு வந்து, சொட்டச் சொட்ட உள்ளே ஏறக் கூடாது என்று வெளியிலேயே நின்றார். பிள்ளை நனையவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். சாக்கை அவிழ்த்தார். அன்றைக்கு உவர்மேட்டில் எந்த அடுக்களையிலும் ஒரு கல் உப்பு மிச்சமில்லை, ஊரைச் சுற்றியிருந்த உப்பு முழுக்கக் கடலுக்கே திரும்பப் போயிருந்தது. கணக்கப்பிள்ளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"டிகிரி சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "தையில நீயே பாத்துக்கிடு" என்றார்.

மதினி சேலை முந்தியை விரித்து ஒரு கை உப்பு கேட்டாள். அதன் பிறகு எல்லாரும் கேட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் மூன்று கல் கூட்டி, எத்திராஜ் வண்டியில் அனுப்பியிருந்த கம்பில் ஊருக்கே சேர்த்துக் கஞ்சி காய்ச்சினோம். ஓரிரு உப்பு கொஞ்சம் கரிப்பு குறைச்சல் என்று ஒருத்தி குறை சொன்னாள், சொல்லிக்கொண்டே இன்னொரு கிண்ணம் வாங்கினாள்.

மறுநாள் காலை நனைந்து போன ரேடியோவை வெயிலில் காயவைத்துப் பாட வைத்தார்கள். மழை படிப்படியாகக் குறையும் என்றும், தென் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மட்டும் லேசான மழை பெய்யக்கூடும் என்றும் அந்த அம்மாள் சொன்னாள். குடங்கள் வரிசைக்கு வந்தன. நான் எழுந்து போய், பிள்ளையின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தேன்.